யித்திஷ் குழந்தைப் புத்தகங்கள்: யாருக்காக வந்தன, யார் படித்தார்கள்

யூதர்களின் மொழி எது என்று கேட்டால் பெரும்பாலோர் ஹீப்ரு என்பார்கள். இஸ்ரேலின் மொழி அதுதான் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் 1930 வாக்கில் வார்சாவிலோ வில்னாவிலோ (இன்றைய வில்னியஸ்) ஒரு யூதக் குழந்தை அம்மாவிடம் பசிக்கிறது என்று சொன்னது பெரும்பாலும் யித்திஷ் மொழியில்தான். அந்த மொழியில் குழந்தைகளுக்கென்று நூற்றுக்கணக்கான புத்தகங்களும் பல பத்திரிகைகளும் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி 1900-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுக்குள் அச்சானவை.

யித்திஷுக்கு வயது ஏறத்தாழ ஆயிரம். அப்படியானால் குழந்தைப் புத்தகம் வர ஏன் இவ்வளவு தாமதம்? வந்த வேகத்திலேயே ஏன் அடங்கிப்போனது? நாஜிகள் அந்தக் குழந்தைகளைக் கொன்றார்கள் என்பது இரண்டாவது கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு. ஆனால் முழுப் பதில் அது ஆகாது. மீதியைத் தெரிந்துகொள்ள, அந்தக் குழந்தைகள் எந்தப் பள்ளியில், எந்த மொழியில் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

## இரண்டு மொழி, இரண்டு மதிப்பு

ஜெர்மானிய நிலப்பகுதிகளில் வாழ்ந்த யூதர்களிடையே உருவானது யித்திஷ். இலக்கணமும் பெரும்பாலான சொற்களும் ஜெர்மன் வழி வந்தவை. எழுதுவது ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக. வழிபாடு, சட்டம், கல்வி சார்ந்த சொற்கள் ஹீப்ருவிலிருந்தும் அராமிக்கிலிருந்தும் வந்தன. மக்கள் கிழக்கே போலந்து, லித்துவேனியா, உக்ரைன் பக்கம் நகர்ந்தபோது ஸ்லாவியச் சொற்களும் ஒட்டிக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்கு முன் இதைப் பேசியவர்கள் ஒரு கோடிக்கு மேல்.

வீட்டில் யித்திஷுக்குப் பெயர் ‘மாமெ-லோஷன்’, அம்மாவின் மொழி. ஹீப்ருவுக்குப் பெயர் ‘லோஷன்-கோய்டெஷ்’, புனித மொழி. பேச்சு, சண்டை, தாலாட்டு, வியாபாரம் எல்லாம் முதலாவதில். படிப்பு என்று மதிக்கப்பட்டது இரண்டாவதில். இதற்கு ஒரு விளைவு உண்டு. யித்திஷில் எழுதப்பட்ட எதையும் கற்றவர்கள் படிப்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வீட்டுக்கு வீடு இருந்த ‘ட்ஸெனெ-ரெனெ’ என்ற யித்திஷ் நூல் வேத வாசகங்களைக் கதையும் விளக்கமுமாகச் சொல்வது. 200-க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. அதைப் ‘பெண்களின் பைபிள்’ என்றே அழைத்தார்கள். ஹீப்ரு புரியாத ஆண்களும் அதைத்தான் படித்தார்கள். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

## ஹெய்டர் என்ற அறை

அக்காலக் கிழக்கு ஐரோப்பிய யூதச் சிறுவனின் பகல் முழுவதும் கழிந்த இடம் ஹெய்டர். அந்தச் சொல்லுக்கு அறை என்றுதான் பொருள். உண்மையிலேயே ஓர் அறைதான். பெரும்பாலும் ஆசிரியரின் வீட்டிலேயே, அவர் மனைவி ஒரு பக்கம் சமைத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் பெஞ்சில் பையன்கள். ஆசிரியரை மெலாமெட் என்பார்கள். அவர் கையில் கான்சிக் என்ற தோல்வார்ச் சாட்டை இருக்கும். சின்னப் பையன்களைக் கூட்டிவந்து விட, சேற்றுக் காலத்தில் தோளில் தூக்கிவர, ‘பெல்ஃபர்’ என்று ஒரு உதவியாள்.

மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பையனைச் சேர்த்துவிடுவார்கள். முதல் நாள் எழுத்தின் மேல் தேன் தடவி நக்கச் சொல்வது ஒரு வழக்கம். மேலிருந்து மிட்டாயோ காசோ விழச் செய்து, தேவதை போட்டது என்று சொல்வது இன்னொன்று. இனிப்பு அன்றோடு சரி. காலையிலிருந்து மாலை இருட்டும் வரை வகுப்பு. குளிர்காலத்தில் கையில் விளக்கோடு வீடு திரும்பினார்கள்.

எழுத்துக் கற்றதும் கையில் கொடுத்தது குழந்தைக்கான பாடப்புத்தகம் அல்ல. யூத வேதத்தின் முதல் பகுதியான மோசேயின் ஐந்து ஆகமங்கள். அதிலும் வழக்கமாக முதலில் லேவியராகமம், அதாவது பலி கொடுக்கும் விதிமுறைகள். தூய்மையான குழந்தைகள் தூய்மையைப் பற்றிய பகுதியில் தொடங்கட்டும் என்பது மரபு சொன்ன காரணம். ஐந்து வயதுப் பையன் எந்த மிருகத்தின் எந்தக் கொழுப்பை எரிக்க வேண்டும் என்பதை ராகம் போட்டு ஒப்பிப்பான். ஒவ்வொரு ஹீப்ருச் சொல்லுக்கும் பின்னால் அதன் யித்திஷ் பொருளைச் சேர்த்துச் சொல்வதுதான் கற்பிக்கும் முறை. ஆக, யித்திஷ் வகுப்பில் நாள் முழுக்க ஒலித்தது. ஆனால் பாடமாக அல்ல. பாடத்துக்கு ஏணியாக மட்டும்.

பெண் குழந்தைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கொஞ்சம் யித்திஷ் எழுத்து, பிரார்த்தனை, கணக்கு என்று சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு அதுவும் இல்லை. இதில் ஒரு வினோதம் நடந்தது. புனிதப் படிப்பிலிருந்து தள்ளிவைக்கப்பட்டதாலேயே பெண்கள் யித்திஷ் கதைகளைப் படித்தார்கள். பிற்பாடு வந்த நாவல்களுக்கும் அவர்கள்தான் முதல் பெரிய வாசகர் கூட்டம்.

அப்படியானால் குழந்தைகளுக்குக் கதையே இல்லையா? ஏராளமாக இருந்தது, வாய்வழியில். 1541-ல் அச்சான ‘போவோ-புக்’ என்ற வீரக்கதை இத்தாலியிலிருந்து வந்தது. அதன் நாயகன் பெயரால் நம்ப முடியாத கதைகளைப் ‘போவோ-மைசெ’ என்றார்கள். மைசெ என்றால் கதை. காலப்போக்கில் போவோ யாரென்று மறந்துபோக, சொல் ‘போபெ-மைசெ’ என்று திரிந்தது. போபெ என்றால் பாட்டி. ஆக, பாட்டி கதை! ஒலி மாறியது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் கதை யார் வாயிலிருந்து வந்தது என்பதைச் சரியாகவே பிடித்துவிட்டது.

இந்தக் காலத்தை நினைத்து உருகும் எழுத்து நிறைய உண்டு. கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. பண்டிகைச் சந்தோஷங்கள் இருந்தன: ஹனுக்காவுக்குப் பம்பரம், பூரிமுக்குக் கிலுகிலுப்பை, லாக் பாஓமர் நாளில் வில் அம்போடு காட்டுக்குப் போவது. ஆனால் ஏழை வீட்டுப் பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் தையற்காரரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ எடுபிடியாகப் போய்விடுவான். ரஷ்யப் பேரரசில் 1827 முதல் 1856 வரை நிலைமை இன்னும் மோசம். பன்னிரண்டு வயதுச் சிறுவர்களையே ராணுவப் பயிற்சிக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 18 வயதுக்குப் பிறகு 25 ஆண்டு சேவை தொடங்கும். அரசு கேட்ட எண்ணிக்கையை நிரப்ப யூதச் சமூக அமைப்புகளே ஆள்பிடிப்பவர்களை அமர்த்தின. ‘காப்பர்’ என்ற அந்தச் சொல் தலைமுறைகளுக்குப் பின்னும் வீடுகளில் பயத்தோடு சொல்லப்பட்டது.

## குழந்தை வாசகர் உருவான விதம்

வாய்வழிக் கதையிலிருந்து அச்சிட்ட குழந்தைப் புத்தகத்துக்கு வர மூன்று விஷயங்கள் சேர வேண்டியிருந்தது.

1. மொழிக்கு மரியாதை. 1864-ல் ஷோலெம் அப்ராமோவிச், பிற்பாடு மெண்டெலெ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர், ஹீப்ருவை விட்டு யித்திஷில் கதை எழுதத் தொடங்கினார். அடுத்து வந்தவர்கள் ஷோலெம் அலைஹெமும் பெரெட்ஸும். ஷோலெம் அலைஹெம் குழந்தையின் குரலிலேயே கதை சொன்னவர். வழிபாட்டுப் பாடகரின் மகன் மோட்டலின் கதை 1907-ல் தொடங்கி, 1916-ல் அவர் இறக்கும்போதும் முடியாமல் இருந்தது. தந்தையை இழந்த சிறுவனுக்கு அனாதை ஆனது லாபமாகத் தெரிகிறது, ஏனென்றால் இப்போது யாரும் அவனை அடிப்பதில்லை! ஆனால் இவை பெரியவர்கள் படிக்கும் பத்திரிகைகளில் வந்தவை. குழந்தையைப் பற்றிய எழுத்து வேறு, குழந்தைக்கான எழுத்து வேறு.

2. அரசியல். 1897-ல் இரண்டு இயக்கங்கள் பிறந்தன. ஒன்று வில்னாவில் தொடங்கிய பூண்ட் என்னும் யூதத் தொழிலாளர் கட்சி. வாழும் நாட்டிலேயே உரிமை வேண்டும் என்றது. இன்னொன்று பாசெலில் மாநாடு கூட்டிய சியோனிசம். தனி நாடு வேண்டும் என்றது. போகப்போக முதலாவது யித்திஷையும் இரண்டாவது ஹீப்ருவையும் பிடித்துக்கொண்டன. 1908-ல் செர்னோவிட்ஸ் நகரில் கூடிய மாநாடு யித்திஷை யூதர்களின் ‘ஒரு’ தேசிய மொழி என்று அறிவித்தது. ‘ஒரே’ மொழி என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அங்கே பெரிய வாக்குவாதம்.

3. பள்ளிக்கூடம். முக்கியமானது இதுதான். ஜார் அரசு யித்திஷ் வழிப் பள்ளிகளை அனுமதிக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் படை 1915-ல் வார்சாவையும் வில்னாவையும் பிடித்தபோது அந்தத் தடை விழுந்தது. போரில் அனாதையான குழந்தைகளுக்கு இல்லங்களும் பள்ளிகளும் அவசரமாகத் தேவைப்பட்டன. பள்ளி திறந்தாயிற்று, பலகை மாட்டியாயிற்று. அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. கணக்கு, இயற்கை, கதை, பாட்டு எதற்கும் யித்திஷில் புத்தகம் கிடையாது. ஆசிரியர்களே எழுத்தாளர் ஆனது அதனால்தான்.

## கீவின் படப்புத்தகங்கள்

தொடக்கமே அசாத்தியமான தரத்தில் இருந்தது. 1917-ல் டெர் நிஸ்டர் என்ற யித்திஷ் எழுத்தாளரின் இரண்டு கதைகள் அச்சானபோது படம் போட்டவர் மார்க் ஷகால். 1918-ல் கீவில் ‘குல்டூர்-லிகே’ என்ற பண்பாட்டு அமைப்பு தொடங்கியது. அதன் குழந்தைப் புத்தகங்களுக்கு வரைந்தவர்களில் எல் லிசிட்ஸ்கி ஒருவர். பின்னாளில் சதுரமும் வட்டமுமாகச் சுருக்கிய நவீன ஓவியத்தால் உலகப் புகழ் பெற்றவர் அவர். 1919-ல் மானி லைபின் கவிதைக் கதைக்கு வரைந்தார். மானி லைப் நியூயார்க்கில் செருப்புத் தைத்துப் பிழைத்த கவிஞர். கதை எளியது: ஓர் ஆண்டு ஊரில் பனி விழவே இல்லை, எங்கும் சேறு. துடுக்கான ஒரு குட்டிப் பையனுக்குக் குதிரையும் மாயமோதிரமும் கிடைக்க, அவன் பனியைக் கொண்டுவருகிறான்.

தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1919-ல் உக்ரைன் முழுவதும் உள்நாட்டுப் போர்; யூதர்கள் பல்லாயிரம் பேர் கலவரங்களில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த நேரத்தில் காகிதமும் மையும் தேடிப் படப்புத்தகம் போட்டிருக்கிறார்கள்.

## வார்சாவின் மேல்கோட்டு

இரு போர்களுக்கு இடையிலான போலந்துதான் இந்த இலக்கியத்தின் நடுக்களம். 1921-ல் ‘ட்ஸிஷோ’ என்ற யித்திஷ் பள்ளிகளின் மைய அமைப்பு வார்சாவில் உருவானது. மதச்சார்பில்லாத, பையனும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள். உச்சத்தில் சுமார் 24,000 மாணவர்கள். வில்னாவில் ஷ்லோய்மெ பஸ்டோம்ஸ்கி என்ற ஆசிரியர் பாடநூல்களும் நாட்டார் கதைத் தொகுப்புகளும் ‘க்ரீனின்கெ பெய்மெலெக்’ என்ற சிறுவர் பத்திரிகையும் நடத்தினார். பெயருக்குப் பொருள் பச்சைக் குட்டி மரங்கள். இடையிடையே நின்று நின்று 1939 வரை வந்த பத்திரிகை.

இந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர் காத்யா மொலொடோவ்ஸ்கி. 1931-ல் வார்சாவில் வந்த ‘மைசெலெக்’ அவருடைய குழந்தைக் கவிதைத் தொகுப்பு. அதில் ஒரு பாட்டு கருந்துணியில் தைத்த ஒரு மேல்கோட்டைப் பற்றியது. மூத்த பிள்ளைக்குத் தைத்த கோட்டு அடுத்ததுக்கு, அதற்கடுத்ததுக்கு என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் கந்தலாகிறது. இன்னொன்றில் வீட்டு வேலைகளுக்கு நடுவே நீலக் குடையோடு கனவில் திரியும் ஓல்கே என்ற சிறுமி. பணக்கார வீட்டுக் குழந்தைகள் இவர் பாட்டில் தலை காட்டுவது அரிது. தன் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு வந்தார்களோ அதைத்தான் எழுதினார். ஏழ்மையை மறைக்கவும் இல்லை, அதற்காக அழவைக்கவும் இல்லை. என் கணிப்பில் யித்திஷ் குழந்தை இலக்கியத்தின் உச்சம் இந்தத் தொகுப்புதான்.

இந்த வறுமை எவ்வளவு நிஜம் என்பதற்கு வார்சாவுக்கு அருகே மியெட்ஸெஷினில் 1926-ல் திறந்த மெடம் சானடோரியம் சாட்சி. நெரிசலான நிலவறை வீடுகளில் வளர்ந்து காசநோய் தொற்றும் நிலையில் இருந்த குழந்தைகளுக்கான இடம். பூண்ட் சார்ந்தவர்கள் நடத்தினார்கள். வெயில், பால், தோட்டம், யித்திஷ் பாடம், கூடவே குழந்தைகளே தேர்ந்தெடுத்து நடத்திய ஒரு நிர்வாகக் குழு. 1936-ல் இதைப் பற்றி எடுத்த படத்தைப் போலந்துத் தணிக்கை தடை செய்தது.

## ஒரே மொழி, வேறு வேறு குழந்தை

எல்லாரும் யித்திஷில்தான் எழுதினார்கள். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து யாராக வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் பதில் வேறு.

சோவியத்தில் அரசே பதிப்பாளர். 1930களின் தொடக்கத்தில் 1,000-க்கு மேல் யித்திஷ் பள்ளிகள் இருந்தன. மதத்தோடு உள்ள தொடர்பை அறுக்க எழுத்துமுறையையே மாற்றினார்கள். யித்திஷில் ஹீப்ருவிலிருந்து வந்த சொற்களை ஹீப்ருவில் எழுதுவதுபோலவே எழுதுவது வழக்கம். உதாரணமாக உண்மை என்ற பொருள்படும் ‘எமெஸ்’ மூன்று ஹீப்ரு எழுத்து. உச்சரிப்பை முன்பே தெரிந்தால்தான் படிக்க முடியும். சோவியத் முறையில் அதை ஒலிப்படி நான்கு எழுத்தில் எழுதினார்கள். கற்பது சுலபமாயிற்று. ஆனால் இந்த முறையில் மட்டும் படித்து வளர்ந்த குழந்தைக்குத் தாத்தாவின் பிரார்த்தனைப் புத்தகம் அந்நியமாகிவிடும். அதுதான் நோக்கமும். அங்கே மிகவும் கொண்டாடப்பட்ட குழந்தைக் கவிஞர் லெய்ப் க்விட்கோ. ரஷ்ய மொழிபெயர்ப்பில் நாடெங்கும் போனவர். கூட்டுப்பண்ணையின் பன்றிக்குட்டிகளைக் காட்டச் சொல்லிக் குழந்தைகள் கெஞ்சும் பாட்டு அவருடையது. பன்றியை விலக்கிய மரபில் பிறந்த மொழியில் பன்றிக்குட்டிக்கு ஒரு செல்லப்பாட்டு!

அமெரிக்காவில் பிள்ளைகள் பகலில் ஆங்கிலப் பள்ளி, அது முடிந்ததும் சங்கங்கள் நடத்திய யித்திஷ் மாலைப்பள்ளி. 1920-லிருந்து ‘கிண்டர்-ஷுர்னால்’ என்ற மாத இதழ் வந்தது. 1935-ல் ஹாவெர் பாவெர் எழுதிய லாப்ஸிக் கதைகளின் நாயகன் ஒரு நாய்க்குட்டி. அதை வளர்ப்பது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வாழும் இடதுசாரித் தொழிலாளர் குடும்பம்.

வைதிகர்களும் சும்மா இருக்கவில்லை. சாரா ஷெனிரெர் 1917-ல் கிராக்கோவில் தொடங்கிய பெண்கள் பள்ளி, ‘பெய்ஸ் யாக்கோவ்’ என்ற பெயரில் போலந்து முழுக்கப் பரவி, யித்திஷிலேயே பக்தி சார்ந்த வாசிப்பை வளர்த்தது.

## 80 சதவீதம் என்ற எண்

1931 போலந்துக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 80 சதவீத யூதர்கள் தாய்மொழி யித்திஷ் என்று பதிந்தார்கள். அங்கிருந்த யூதர்கள் 30 லட்சத்துக்கு மேல். அப்படியென்றால் யித்திஷ் புத்தகங்களுக்குப் பெரிய எதிர்காலம் இருந்தது என்றுதானே தோன்றும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

1. அந்தப் பதிவு வீட்டுப் பேச்சைக் காட்டியது, கூடவே அரசியல் நிலைப்பாட்டையும். ஹீப்ரு தாய்மொழி என்று கிட்டத்தட்ட 8 சதவீதம் பேர் பதிந்ததே இதற்குச் சான்று. போலந்தில் ஹீப்ருவில் பேசி வாழ்ந்த வீடுகள் அத்தனை கிடையாது.

2. பள்ளிக் கணக்கு வேறு கதை சொன்னது. யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் போனது போலிஷ் மொழி அரசுப் பள்ளிக்கு. அங்கே கட்டணம் இல்லை. யித்திஷ் பள்ளிகளோ பெற்றோர் பணத்திலும் வெளிநாட்டு நன்கொடையிலும் திணறின. மேற்படிப்புக்கும் வேலைக்கும் போலிஷ் தேவை. சியோனிச ‘தர்பூத்’ பள்ளிகளின் ஹீப்ருவும் போட்டியில் இருந்தது.

3. ஆகவே குழந்தைகள் வீட்டில் யித்திஷ் பேசிக்கொண்டே போலிஷில் படிக்கப் பழகினார்கள். எழுத்தாளரும் கல்வியாளருமான யானுஷ் கோர்ச்சாக் 1926-ல் தொடங்கிய, யூதக் குழந்தைகளே எழுதிய வார இணைப்பிதழ் வந்தது போலிஷில்தான்.

வில்னாவின் ‘யிவோ’ ஆய்வு நிறுவனம் 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டி நடத்தியது. 600-க்கு மேல் வந்து சேர்ந்தன. யித்திஷில் மட்டுமல்லாமல் போலிஷிலும் ஹீப்ருவிலும். அப்பாவோடு சண்டை, வேலையின்மை, எந்தக் கட்சியில் சேர்வது என்ற குழப்பம் எல்லாம் அவற்றில் உண்டு. அந்தத் தலைமுறையின் பால்யத்தை அறிய அவற்றைவிட நம்பகமான ஆவணம் குறைவு. போர் வராமல் இருந்திருந்தால் யித்திஷ் வாசிப்பு என்ன ஆகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் இன்றும் மோதிக்கொள்வது வீட்டு மொழியும் வாசிப்பு மொழியும் இப்படிப் பிரிந்துகிடந்ததால்தான். அந்த விவாதம் இயல்பாக முடிய அவகாசமே கிடைக்கவில்லை.

## 1939 முதல் 1952 வரை

1940-ல் நியூயார்க்கில் யான்கெவ் க்லாட்ஷ்டெய்ன் ‘எமில் உன் கார்ல்’ என்ற சிறுவர் நாவலை வெளியிட்டார். நாஜிகள் பிடித்த வியன்னாவில் பெற்றோரை இழந்து நிற்கும் இரண்டு நண்பர்கள். ஒருவன் யூதன், மற்றவன் அல்ல. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடப்பதை நடக்கும்போதே சொன்ன புத்தகம்.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வில்னா கெட்டோவில் ஹெர்மன் க்ருக் நடத்திய நூலகம் 1942 டிசம்பரில் ஒரு லட்சமாவது புத்தகத்தைக் கடன் கொடுத்ததை விழாவாகக் கொண்டாடியது. கூட்டத்தில் யிட்ஸ்ஹோக் ருடாஷெவ்ஸ்கி என்ற சிறுவனும் இருந்தான். அப்போதுதான் 15 வயது நிறைந்தவன். கெட்டோவில் வாசிப்புதான் தனக்குப் பெரிய இன்பம் என்று யித்திஷ் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். 1943-ல் வில்னாவுக்கு அருகே போனார் என்ற கொலைக்களத்தில் கொல்லப்பட்டான். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே மெடம் சானடோரியத்துக் குழந்தைகளையும் ஆசிரியர்களையும் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றிருந்தார்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 15 லட்சம்.

சோவியத்தில் யித்திஷ் பள்ளிகள் 1930களின் இறுதியிலேயே மூடப்பட்டுவந்தன. போருக்குப் பின் ஸ்டாலினின் ஒடுக்குமுறை யித்திஷ் எழுத்தாளர்கள் பக்கம் திரும்பியது. டெர் நிஸ்டர் 1950-ல் கைதிகள் முகாமில் இறந்தார். 1952 ஆகஸ்ட் 12-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் க்விட்கோவும் ஒருவர்.

## இப்போது அந்தப் புத்தகங்கள்

மொலொடோவ்ஸ்கி 1935-லேயே அமெரிக்கா போய்விட்டதால் தப்பினார். அவருடைய பாட்டுகள் 1940களில் நல்ல கவிஞர்கள் கையால் ஹீப்ருவுக்குப் போய், இஸ்ரேலிய மழலைப் பள்ளிகளில் இன்றும் பாடப்படுகின்றன. பாடும் குழந்தைகளில் பலருக்கு அது மொழிபெயர்ப்பு என்று தெரியாது. ஐசக் பாஷெவிஸ் சிங்கர் யித்திஷில் எழுதிய குழந்தைக் கதைகள் 1966-ல் மாரிஸ் செண்டாக்கின் படங்களோடு ஆங்கிலத்தில் வந்து பரவின. அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்டில் 1980-ல் தொடங்கிய யித்திஷ் புத்தக மையம் வீடுகளின் பரணிலும் குப்பையிலும் கிடந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளை மீட்டது. பழைய சிறுவர் நூல்களை இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிவது அந்த உழைப்பால்.

ஆனால் யித்திஷில் புதிய குழந்தைப் புத்தகம் இன்றும் அச்சாகிறது என்பது பலருக்குத் தெரியாது. நியூயார்க்கின் புரூக்ளின், நியூயார்க் மாநிலத்தின் கிரியாஸ் ஜோயல், லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் ஹில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் ஆகிய இடங்களில் வாழும், தீவிர மதப்பற்றுள்ள ஹசிடிய யூதர்கள் வீட்டில் யித்திஷ் பேசுகிறார்கள். அவர்களுக்கென்று கதைப் புத்தகம், சித்திரக்கதை, வார இதழ் எல்லாம் வருகின்றன. பூண்ட் ஆசிரியர்களும் கீவின் ஓவியர்களும் எந்த மத வாழ்விலிருந்து குழந்தையை வெளியே கொண்டுவர நினைத்தார்களோ, மொழி அந்த வாழ்வுக்குள்தான் தங்கியிருக்கிறது. க்விட்கோவின் பன்றிக்குட்டிகளுக்கு அங்கே இடம் கிடையாது. பையன்கள் ஹெய்டரில் யித்திஷ் வழியே வேதம் படிக்கிறார்கள். புரூக்ளினில் பல வீடுகளில் அவர்களுடைய அக்கா தங்கைகள் தங்களுக்குள் பேசுவதும் கதைப் புத்தகம் படிப்பதும் ஆங்கிலத்தில்.